ஜாடியில் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர்

நான் படித்தது நாலாம் வகுப்பு. இன்றைக்குச் சுங்கை பட்டாணியில் ஒன்று, அலோர் ஸ்டாரில் ஒன்று என்று எனக்கு இரண்டு பாட்டரிக் கடைகள். கடலில் ஆபத்து என்றால் கூப்பிடும் ரேடியோவுக்குப் பாட்டரி வேண்டுமா, அக்காவிடம் போ என்று படகுக்காரர்களே சொல்கிறார்கள், நானாகச் சொல்லிக்கொள்வதில்லை. இன்ஜினியருக்குப் படித்த என் மகனும் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பான். யாரும் கைதூக்கி விடவில்லை, சொந்தக் காலில் நின்றேன் என்று கல்யாண வீடுகளில் நான் பேசுவது பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடம். இந்தத் தொழிலுக்குள் எப்படி வந்தேன் என்பதை மட்டும் இதுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தை விட்ட மறு வருஷம், புக்கிட் செலம்பாவ் ரப்பர் தோட்டத்திலிருந்து என்னை யான் என்ற கடற்கரை ஊரில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தை பிள்ளைத்தாய்ச்சி, ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். மாமாவுக்குச் சரக்குப் படகுகளில் ரேடியோ வேலை. ஒவ்வொரு படகிலும் அவசர ரேடியோவுக்கென்று தனியாக ஒரு பாட்டரி உண்டு. கீழே தண்ணீர் புகுந்தாலும் நனையாதபடி அதை மேல்தட்டில் சிவப்புப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். மாதம் ஒருமுறை மாமா அதை வீட்டுக்குக் கொண்டுவருவார். குறைந்த தண்ணீரை நிரப்பி, சார்ஜ் ஏற்றி, ஒரு கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி, அது காட்டும் அடர்த்தி எண்ணை நோட்டில் எழுதி, திரும்பக் கொண்டுபோய் மாட்டுவார்.

நிரப்புவது மழைத்தண்ணீர். தகரக் கூரையில் பட்டு வழிந்தது ஆகாது. வீட்டுக்கு வெளியே ஜாடியை வைத்து வானத்திலிருந்து நேராகப் பிடிப்பார். துளி உப்பு கலந்தாலும் பாட்டரி உள்ளுக்குள்ளேயே செத்துவிடும் என்பார். அந்த ஜாடியில் அத்தைகூடக் கை வைக்கக் கூடாது.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை நின்று பல வாரம் ஆகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. அதில் தலை குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி நிற்கும். எனக்கோ இடுப்பு வரை முடி, அதைவிட நீளமாகப் பெருமை. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் கோயிலுக்கு வருவார்கள். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் ஜாடியைத் திறந்து, சீயக்காய் தேய்த்து, கடைசிச் செம்பு வரை தலையில் ஊற்றிக்கொண்டேன். முடி பட்டாக வந்தது. பிறகு கிணற்றில் இறைத்து, ஜாடியைப் பழைய அளவுக்கு நிரப்பி மூடிவிட்டேன்.

மறுநாள் மாமா அதிலிருந்து எடுத்து, அந்த மாதத்தில் மீதியிருந்த ஒரே பாட்டரிக்கு ஊற்றினார். அது லங்காவிக்கு மளிகைச் சரக்கு அனுப்பும் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் படகுக்கானது. எங்களுக்கெல்லாம் அவர் ‘பாய்’. நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. குழாயில் எண் நன்றாகவே காட்டியது. அப்புறம் எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் படகு திரும்பவில்லை. நாலு பேர் இருந்தார்கள். கூப்பிடவில்லையே, ஆபத்தென்றால் கூப்பிட்டிருப்பார்களே என்று, படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியில் யாரும் தேடப் புறப்படவில்லை. இரண்டாம் நாள் காலை படகோட்டியின் மனைவி எங்கள் வாசலுக்கு வந்தார். மலாய்க்கார அம்மா. ரேடியோ சரியாக இருந்ததா என்று மட்டும் கேட்டார். என் கையால் பார்த்து மாட்டினேன், சத்தம் வரவில்லை என்றால் சௌக்கியம் என்றுதான் அர்த்தம் என்று மாமா மலாயில் சொன்னார். அந்த அம்மா நம்பினார். நான் கலக்கிக் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் நேராகப் போய் ஜாடியைக் கவிழ்த்துக் கழுவி வைத்தேன். பல்லி விழுந்து கிடந்தது என்று அத்தையிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் ஒரு சயாம் மீன்படகு அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள், உதடு வெடித்து. இன்ஜின் நின்றதும் ரேடியோவைத் திருகித் திருகிப் பார்த்தார்களாம். அதன் விளக்குகூட எரியவில்லை. சிவப்புப் பெட்டி காய்ந்து கிடந்தது. கடல் தண்ணீர் புகுந்த தடமே இல்லை. ஜெட்டியில் அத்தனை பேர் முன்னால் பாய் என் மாமாவைப் பார்த்துக் கேட்டார்:

“பாட்டரியப் பார்த்தியா தம்பி, இல்ல வேற எங்கயாவது பார்த்துக்கிட்டு எழுதினியா?”

“பார்த்தேன் பாய். ஆயிரத்து இருநூத்தி அறுபது. என் கண்ணால பார்த்தேன்.”

“அப்படின்னா கண்ணுதான் கெட்டுப்போச்சு லா. நாலு உசுரு.”

மற்ற படகுகளுக்கு மாமாவே போய், தான் பார்த்த பாட்டரியை நம்ப வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றையும் இறக்கிக் கொண்டுவந்தார். அவை எல்லாம் நன்றாகவே இருந்தன. அது அவரை இன்னும் குழப்பியது. நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, தன் கையெழுத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு அலோர் ஸ்டார் போய் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். அதைப் போட்டால் தலை சுற்றுகிறது என்று அத்தையிடம் சொன்னார், ஆனாலும் கழற்றவில்லை.

அடுத்த மாதம் பாட்டரிகள் வந்தபோது, ஆசிட்டை உறிஞ்சிய குழாயை என்னிடம் நீட்டினார்.

“மாமா கண்ணை இனிமே நம்ப வேணாம்மா. சின்னக் கண்ணு, பொய் சொல்லாது. நீ பார்த்துச் சொல்லு.”

நான் குழாயை உயர்த்திப் பிடித்து, எண்ணைச் சத்தமாகப் படித்தேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். பெரியவர்கள் வேலையை என் கையில் கொடுத்துவிட்டார் என்ற பெருமையில் அடுத்த பாட்டரிக்கு ஓடினேன். அந்த மனிதனின் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்திருந்தும், நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.