வாசல் நடுவில் ஆட்டுக்கல்

கோலாலம்பூரிலிருந்து படூருக்குக் குடிவந்தபோது என் மகளுக்கு நாலு வயது. கணவருக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் வேலை. "தமிழ்நாடுதானே, உனக்கென்ன, நம்ம ஊர் மாதிரி" என்று சொல்லித்தான் எல்லோரும் வழியனுப்பினார்கள். நம்ம ஊராவது மண்ணாவது! நான் வாயைத் திறந்தாலே காய்காரர் "எந்த ஊரும்மா நீங்க?" என்று சிரித்தார்.

மூன்று மாடிக் குடியிருப்பில் எங்களுக்குத் தரைத்தளம். வாசற்படியை ஒட்டித் தரையில் பச்சை பெயின்ட் அடித்த ஓர் இரும்புத் தகடு. அதன் நட்ட நடுவில் குழவி இல்லாத பழைய ஆட்டுக்கல். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைச் சுற்றித்தான் வரவேண்டும். தகட்டைச் சாக்கடை மூடி என்று நினைத்தேன். எங்கள் ஊரில் வாசலில் இருப்பது அதுதான்.

பால் காய்ச்சும் நாள் விடிந்ததும், சாமான் இறக்க வந்தவர்களை விட்டுக் கல்லை மதிலோரம் உருட்டினேன். தகட்டின்மேல் பெரிதாகக் கோலம் போட்டேன். போடும்போது காலடியில் அது ஒருமுறை லேசாக ஆடியது.

மாடி வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். ஒருத்திகூடக் கோலத்தை மிதிக்கவில்லை. என்ன மரியாதை என்று பூரித்துப்போனேன். ஆனால் யாரும் பிள்ளைகளைக் கூட்டி வரவில்லை. கேட்டால் "டியூஷன்" என்றாள் ஒருத்தி. காலை ஏழு மணிக்கு, எல்.கே.ஜி. பிள்ளைக்கு என்ன டியூஷன்! "முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?" என்றேன். எல்லோரும் பால் டம்ளருக்குள்ளேயே பார்த்தார்கள். "நல்ல நாளும் அதுவுமா அதெல்லாம் எதுக்குங்க" என்று சொல்லி, மூத்தவள் என் கையில் குங்குமச்சிமிழைத் திணித்தாள்.

மறுநாள் கதவைத் திறந்தால் கல் மறுபடியும் தகட்டின்மேல், என் கோலத்தின் நடுவயிற்றில். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனின் மனைவியைக் கேட்டேன்.

"அது அங்கதாம்மா இருக்கணும்."

"ஏன்?"

"இருக்கணும்னா இருக்கணும். வுடும்மா."

நான் விடுவேனா! உருட்டினேன். அடுத்த நாள் திரும்பி வந்திருந்தது. இந்த முறை அதன்மேல் மஞ்சளும் குங்குமமும். போச்சுடா, இது செய்வினையேதான் என்று முடிவுகட்டினேன். மதியத்தில் வீடு அடங்கியிருக்கும்போது படிக்கு அடியிலிருந்து களக், களக் என்று ஏதோ கேட்கும். டிவியைச் சத்தமாக வைப்பேன். மகளுக்குத்தான் எதையோ செய்கிறார்கள் என்று பயந்து, அவளைக் கொஞ்ச நாள் வெளியிலேயே விடவில்லை.

கடைசியில் தண்ணீர் கேன் போடுகிறவரைக் கெஞ்சி, கல்லைப் பின்பக்கக் காலிமனையில் தள்ளிவிட்டேன். தொலைந்தது சனியன்! அன்று சாயங்காலமே, அந்தத் தகட்டின்மேல் நானே சாக்பீஸால் கட்டம் போட்டு மகளுக்குப் பாண்டி ஆடச் சொல்லிக்கொடுத்தேன்.

நடுக்கட்டத்தில் குதித்தாள். அடுத்து ஓரத்துக் கட்டத்தில் குதித்தாள். தகடு ஒருபக்கம் சரிந்து, மறுபக்கம் அவள் முகத்துக்கு நேரே எழும்பியது. "அலமாக்!" என்று எங்கள் ஊர் மலாய் வாயில் கத்தியதைத் தவிர நான் ஒன்றுமே செய்யவில்லை. வாட்ச்மேனின் மனைவிதான் கையிலிருந்த பக்கெட்டை எறிந்துவிட்டுப் பாய்ந்து, பிள்ளையின் கவுனைப் பிடித்துத் தூக்கினாள். கீழே கருப்புத் தண்ணீர். அதில் மகளின் ஒற்றைச் செருப்பு மிதந்துகொண்டிருந்தது.

"சம்ப்பும்மா இது! கேட்டாண்ட லாரித் தண்ணி வுடறாங்கள்ல, அந்தத் தொட்டி இங்க வரைக்கும் கீது. தகடு செரியா ஒக்காராது. ஓரத்துல மிதிச்சா கவுந்துக்கும். முன்னாடி இருந்தவங்க புள்ள இதுலதாம்மா போச்சு."

"வாயில் என்ன கொழுக்கட்டையா? ஏன் சொல்லலை?" என்று அலறினேன்.

"பால் காச்சுன வூட்டுல சாவப் பத்தி எவ பேசுவா? அதான் கல்லு வச்சிகினு இருந்தேன். நீதான் வுடலியே."

அவள் காலில் விழவேண்டியவள் நான். பிள்ளையைக் கட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டு ஓனரிடம் போய்க் கிழிகிழி என்று கிழித்தோம். அவர் அதே தகட்டைத் தட்டி வைத்து, மறுபடி பச்சை பெயின்ட் அடித்தார். வாட்ச்மேனின் மனைவி கல்லைத் தேடிக் கொண்டுவந்து வைத்தாள். மேல்மாடியில் ஒரு வீடு காலியானதும் நாங்கள் அங்கே மாறிக்கொண்டோம்.

கீழே திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று வந்தது. மூன்று வயதுப் பையன். பால் காய்ச்சக் கூப்பிட்டார்கள். "அக்கா, அந்தக் கல்ல எடுத்துட்டு வாசல்ல ஒரு கோலம் போட்டா நல்லா இருக்கும்லா?" என்றாள் அந்தப் பெண். சுற்றியிருந்தவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள்.

"எடுக்காதே. அதுக்குக் கீழே தண்ணித் தொட்டி. ஒரு பிள்ளை விழுந்து செத்திருக்கு" என்றேன்.

பால் அப்போதுதான் பொங்கி வந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டாள். "நல்ல காரியத்துல இப்படியா பேசுவாங்க" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். அங்கே இருந்த இரண்டு வருஷமும் என்னோடு பேசவில்லை. ஆனால் வாசலைத் தாண்டும்போது ஒருநாள்கூட அவள் பையனின் கையை விட்டு நான் பார்த்ததில்லை.