எண்பத்தெட்டுக் கட்டைகளும் ஒரு சாய்கோடும்

பியானோவைக் கழற்றுவது சுலபம். எது எங்கே இருந்தது என்பதுதான் பெரிய சோலி. மிக்சியைப் பிரித்துப் போட்டுவிட்டு முழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சாக்பீஸ்

எம்.ஏ. விடுமுறையில், மலைமேல் நாயுடுபுரத்தில், பியானோ பழுதுபார்க்கும் ஸ்டெல்லா அக்காவின் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். முதல் வேலை, மேரி டீச்சரின் பள்ளிக்கூடப் பியானோ. வெள்ளிக்கிழமை டீச்சர் ஓய்வு பெறுகிறார். கடைசிப் பிரார்த்தனைக்கு அவரே வாசிக்க வேண்டும்.

திங்கட்கிழமை, விரலால் அழுத்தும் கட்டைகளைக் கழற்றி, சாக்பீஸால் எண் போட்டு ஜன்னலோரம் அடுக்கினேன். மதியம் மேகம் உள்ளே வந்து, கட்டைகள்மேல் கொஞ்ச நேரம் படுத்திருந்து, எழுந்து போனது. எண்களும் கூடவே போய்விட்டன. ஜன்னலை யார் திறந்தது என்று நான் சண்டைக்கு நின்றேன். அக்கா சொன்னார்: "மேகத்துக்கிட்ட கேளு. இப்பத்தான் ஏரிப்பக்கம் போகுது."

எது ஒன்று?

கட்டைகளின் பின்பகுதி வளைவைப் பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்தவே செவ்வாய்க்கிழமை முழுதும் போயிற்று. புதன்கிழமை, கம்பியைத் தட்டும் குட்டிச் சுத்தியல்களுக்குப் பென்சிலால் எண் போட்டோம். மேஜையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. இருவரும் அவரவர் இடக்கைப் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறோம். முடிவில் இரண்டு ஒன்றுகள், இரண்டு இரண்டுகள்.

வாசிப்பவர் பக்கம்தான் கணக்கு என்று அரை மணி நேரம் வாதாடினேன். இன்றைக்கும் சொல்கிறேன், என் பக்கம்தான் நியாயம். பார்க்க வந்த மேரி டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஒண்ணு எந்தப் பக்கம் வேணா இருக்கட்டும்மா. வெள்ளிக்கிழமைக்கு ஆகுமா, ஆகாதா?"

சாய்கோடு

வியாழக்கிழமை, கட்டைகளுக்கு அடியில் மெத்தையாக இருக்கும் துணியை மாற்ற அவற்றை மறுபடி கழற்ற வேண்டியிருந்தது. இந்த முறை எண்ணே வேண்டாம். எல்லாக் கட்டைகளின் குறுக்காகவும், வெளியே தெரியாத பின்பக்கத்தில், ஒரே ஒரு சாய்கோடு. ஒரு கட்டை இடம் மாறினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். என் சொந்த யோசனை என்று பெருமையோடு அழுக்கைத் துடைத்தேன்.

அழுக்குக்கு அடியில் ஏற்கெனவே ஒரு சாய்கோடு இருந்தது. மங்கலாக, பனிக்குள் போகும் பாதை மாதிரி. யார் போட்டதோ. செவ்வாய்க்கிழமை முழுதும் எங்கள் கையிலேயே கிடந்திருக்கிறது. அக்கா எட்டிப் பார்த்தார்: "கண்டுபிடிச்சதுல நீ ரெண்டாவது ஆளு. வெரசா கழட்டு."

வெள்ளி

பிரார்த்தனைக்கூடத்துக்குள்ளும் மேகம் வந்துவிட்டது. பிள்ளைகளின் தலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சத்தம் மட்டும் மிதந்தது, ஒரு சுரமும் இடம் மாறாமல். வாசித்து முடித்த டீச்சர் மூடியைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். பாராட்டுவார் என்று தயாராக நின்றேன்.

"எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கும்மா. நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சு நான் எங்க போறதுன்னுதான் தெரியல."

அதற்கு எங்கே கோடு போட்டிருக்க வேண்டும் என்று மேஜையின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அக்காவுமாக இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.