மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்

என் அம்மாவுக்கு ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு கம்பெனி வேலை. அங்கே தீயை அணைக்க நின்றவர்கள் பிழைத்ததில்லை. "ஏலே, தீயக் கண்டா திரும்பிப் பாக்காம ஓடிரணும்" என்று சொல்லியே என்னை வளர்த்தாள்.

சமையல் கலை படிக்க மலேசியா போனேன். பகலில் வகுப்பு, மாலையில் ஓட்டல் வேலை, கால் வீங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பினாங்குத் தெருக்கடையில் மீன் புளிக்குழம்பில் மிதக்கும் நூடுல்ஸ் சாப்பிடுவது ஒன்றுதான் ஆறுதல்.

ஒருநாள் வகுப்பில் என் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல், பக்கத்தில் நின்ற சீன மாணவனையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டேன். வேறு யாரும் ஓடி வரவில்லை. திரும்பிப் போனால் மற்றவர்கள் தீயை அணைத்திருந்தார்கள்; சுவரெல்லாம் கரி.

"மூடியைப் போட்டிருந்தால் அப்போதே அணைந்திருக்கும். நீ ஓடியதால்தான் இவ்வளவு" என்றார் ஆசிரியர்.

போன் கார்டு வாங்கி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நீ ஓடிட்டேல்ல? அது போதும்யா" என்றாள்.

இப்போதெல்லாம் மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்த பிறகே அடுப்பைப் பற்ற வைக்கிறேன். தீ எழுந்தால் நின்று மூடுகிறேன். இதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. மகனே நிற்கிறானே என்று அவளும் பட்டாசு கம்பெனியில் தீயைக் கண்டு ஒரு நொடி நின்றுவிடக் கூடாது.