மேடையில் அவிழ்த்த கட்டு

குருத்து வாழையிலையில் தேங்காயெண்ணெய் தடவி, அதன்மேல்தான் என் தங்கையைப் படுக்கவைப்போம். லாரி ஓட்டிய அப்பா பரமத்தி வேலூர் வழியாக வரும்போதெல்லாம் இலைக்கட்டு வாங்கிவருவார். துணி உரசினாலே கொப்புளம் கிளம்பும் தோல் அவளுக்கு. பிறவியிலேயே வந்த அரிய நோய். அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது என்பதை நான் எழுத்துப் படிக்கும் முன்பே படித்திருந்தேன்.

அவள் கல்லூரி முடித்த வருடம், சேலத்தில் ஒரு டாக்டர் ஸ்டெம் செல் ஊசியால் இதைக் குணமாக்குகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். "புதுத் தோலே வந்துருமுங்க" என்றார். யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்காத மருந்து அது என்பதைச் சொல்லவில்லை. சோதனையே எங்கள் பிள்ளையின் உடம்பில்தான் நடந்தது. ஊசி போட்ட கால் சீழ்பிடித்து, முழங்காலுக்குக் கீழே தோல் நிற்கவேயில்லை. கேட்கப் போனபோது, "உங்கம்மா சுத்தமா வெச்சுக்கலீங்க" என்று பழியை அம்மாவின் தலையில் போட்டார். அன்றிலிருந்து அம்மா தன் கைகளையே வெறித்துக்கொண்டிருப்பாள். தங்கை அதை மறக்கவில்லை. நானும்தான்.

நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்த டாக்டர் கூட்டம் போட்டார். வாட்ஸாப்பில் வந்த அழைப்பில் தங்கையின் பழைய படம், கீழே 'பூரண குணம்'. "போலாங்க்கா" என்றாள். மண்டபம் நிறையக் கைக்குழந்தைகளோடு பெற்றோர்கள். அவள் நேராக மேடையேறி, வெந்நீரில் ஊறவைக்காமலே காலின் கட்டை அவிழ்த்தாள். கட்டோடு தோலும் உரிந்து வந்தது. முகம்கூடச் சுளிக்கவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க டாக்டர், நீங்க குணமாக்குன காலு இதுதானுங்க. எம்மேல சோதிச்சுப் பாக்கறேன்னு எங்ககிட்ட எப்பங்க சொன்னீங்க?"

மண்டபம் காலியானது. எங்கள் புகாரின்பேரில் அதிகாரிகள் அவர் மருத்துவமனைக்குச் சீல் வைத்தார்கள்.

பிறகு சென்னையில் முறைப்படி நடந்த ஸ்டெம் செல் ஆய்வொன்றில் சேர்ந்தாள். அங்கிருந்த டாக்டரம்மா, "பலன் இல்லாமலும் போகலாம்மா. வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்" என்று முதலிலேயே சொன்னார். அரிப்பு குறைந்து, முதுகுப் புண் ஓரளவு ஆறியது. பல வருடங்களுக்குப் பிறகு மல்லாந்து தூங்கினாள். ஆனால் காலின் ஆறாத புண்ணில் புற்று வந்துவிட்டது. போன வருடம் போய்விட்டாள். கடைசியாகச் சுயநினைவோடு என்னிடம் சொன்னது, "அந்தாள உட்றாதக்கா."

இப்போது அவர் சங்ககிரியில் வேறு பெயர்ப்பலகையோடு உட்கார்ந்திருக்கிறார். மறுபடியும் புகார் கொடுத்திருக்கிறோம். நடவடிக்கை வரும்வரை சும்மா இருக்க என்னால் முடியவில்லை. விடுமுறை நாட்களில் அங்கே போய், காத்திருப்பவர்களோடு உட்காருகிறேன். கொப்புளம் வந்த பிள்ளையோடு யாராவது வந்தால், தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊசி போடாமலே எழுந்து போய்விடுகிறார்கள்.

"டாக்டர் உங்களக் கெளம்பச் சொல்றாருங்க" என்று அங்கே வேலைசெய்யும் பெண் வந்து நின்றாள்.

"அவரையே வந்து எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

இதுவரை அவர் வெளியே வரவில்லை.