ஸ்பானிஷில் சம்மதம் கேட்டார்கள்

கனிவாகப் பேசும் குரலைக் கேட்டு ஒருவர் நடுங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? போன செவ்வாய்க்கிழமை நான் பார்த்தேன்.

ஜெர்மனியின் பான் நகரில் ஒரு மருத்துவமனையில் நான் தாதி — வாராவாரம் வாசிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்று காலை ஆம்புலன்ஸில் ரோசா என்ற அம்மாவைக் கொண்டுவந்தார்கள். பெரு நாட்டுக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இங்கே இருக்கும் மகளிடம் வந்தவர். மகள் வேலைக்குப் போன பிறகு தாங்க முடியாத வயிற்றுவலி.

ஸ்கேன் எடுத்தோம். அப்பெண்டிக்ஸ்! எந்த நேரமும் வெடிக்கலாம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும்.

பெரு என்றால் ஸ்பானிஷ்தானே? மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் நாலு வார்த்தை பேசியதும் ரோசாவின் முகம் வெளிறிப்போனது. நான் படிவத்தை நீட்டினேன். இரண்டு கைகளையும் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

எப்படிக் கேட்டாலும் ஒரே பதில்: "நோ."

கூட வேலை செய்யும் தர்ஷினி ஜெர்மனியிலேயே பிறந்தவள். "அக்கா, அவவுக்கு ஸ்பானிஷ் விளங்குது. பிறகேன் இப்பிடி நடுங்குறா?"

"விளங்கிறபடியாத்தான் நடுங்குறா போல."

எனக்கு அந்த நடுக்கம் தெரியும். யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடியில் சிங்களத்தில் ஒரு கேள்வி வரும். எங்கே போகிறாய் — அவ்வளவுதான். பதில் தெரிந்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்...

"மகளைப் பிடி, தர்ஷினி. கெதியா!"

மகள் போனை எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. ரோசாவுக்குக் காய்ச்சல் ஏறியது. வெடித்துவிட்டால்?

ஆறாவது தடவை மகள் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டோம். அவர் பேசியது ஸ்பானிஷே இல்லை! ரோசா ஓவென்று அழுதார். பிறகு மூச்சுவிடாமல் பேசினார்.

மகள் என்னிடம் ஜெர்மனில் சொன்னார்: "அம்மாவின் மொழி கெச்சுவா. ஸ்பானியர்கள் நாட்டைப் பிடித்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. மலையில் இன்றும் நாங்கள் அதைத்தான் பேசுகிறோம். நான் பிறந்த பிறகு ஒரு கிளினிக்கில் ஸ்பானிஷில் ஏதோ சொல்லி அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். சின்ன வைத்தியம்தான் என்று நினைத்தாராம். அதற்குப் பிறகு அவருக்குப் பிள்ளையே இல்லை."

நான் படிவத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

எதை வெட்டுவார்கள், எதைத் தொடவே மாட்டார்கள் — மகள் ஒவ்வொன்றாக விளக்கினார். ரோசா திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்.

"வேறு எதையும் எடுக்கமாட்டீர்களே என்று கேட்கிறார்," என்றார் மகள்.

டாக்டர் கட்டிலருகே குனிந்தார். "எடுக்கமாட்டேன். சத்தியமாக."

ரோசா அவரையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை வெளியே எடுத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் கண் விழிக்கும்வரை நான் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் அவருடைய பதிவில் மொழி என்ற இடத்தைத் திருத்தக் கணினியில் உட்கார்ந்தேன். நாட்டைத் தட்டினால் மொழியை அதுவே நிரப்பிவிடுகிறது. பெரு என்றால் ஸ்பானிஷ். சும்மா இருக்க முடியாமல் 'இலங்கை' என்று தட்டிப் பார்த்தேன்.

சிங்களம் என்று வந்தது.