மேலே அடுக்கின ஈர மூட்டை

விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் கருவேல முள்ளை வெட்டி எறிந்து லாரி ஷெட் போட்டவன் நான். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் ஊரே வண்டியை நிறுத்தி வைத்தபோது, பின்னால் பாய்லர் கட்டி, அடுப்புக்கரிப் புகையில் லாரி ஓட்டினவன் நான். தச்சனைக் கூட வைத்துக்கொண்டு மரத்தில் பாடி கட்டினேன். யாரும் வேண்டாம் என்று போட்ட ஒரு ஓட்டை வண்டியில் ஆரம்பித்து மூன்று லாரிக்கு வந்தேன். அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வரைக்கும்தான் இருந்தேன்.

இத்தனையும் ஒரு கெட்ட பேரோடு கட்டினேன். 'குடித்துவிட்டு லாரியைக் கவிழ்த்தவன்' என்ற பேர். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்த ஒருவர் எனக்கு வைத்த பேர் அது. எழுதும்போது இப்போதும் கை சுடுகிறது.

சண்டைக்கு முன்னால் நான் அவரிடம் டிரைவர். ஒரு ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை. மண்டியில் மேலே போட்டிருந்த தார்ப்பாய் ஓட்டை. பாதி மூட்டை நனைந்துபோயிற்று. சரக்கு விழுப்புரம் எண்ணெய் மில்லுக்குப் போகவேண்டும், ஈரமாக இருந்தால் அங்கே இறக்க விடமாட்டார்கள். மழை வெறித்த அன்று அவர் வாசலில் நின்றுகொண்டு கத்தினார்:

"காஞ்ச மூட்டைய அடியில போடுங்கடா. ஈர மூட்டையெல்லாம் மேல ஏத்துங்க. விழுப்புரம் போறதுக்குள்ள காத்துல காஞ்சிடும்."

எங்கள் பக்கத்து மண்டிகளில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். மாட்டு வண்டிக்கு அது சரி. லாரிக்கு?

"மொதலாளி, ஈரம் ஏறினது கனமுங்க. கனம் மேல போச்சுன்னா வளைவுல தள்ளிடுமுங்க" என்றேன்.

"வண்டி ஓட்டத்தாண்டா உனக்குச் சோறு போடறேன். மூட்டைக்குப் புத்தி சொல்ல இல்ல."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "மூட்டைக்குக் காது கேக்காது டிரைவரே, ஜல்தியா கெளம்பு" என்றான்.

தலையில் தண்ணீர்க் குடம் வைத்துப் போகிற பொம்பளையைப் பாருங்கள். சட்டென்று திரும்ப மாட்டாள். அதே குடம் இடுப்பில் இருந்தால் கூப்பிட்ட பக்கம் திரும்புவாள். லாரியும் அதுதான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். மேலே உட்கார்ந்திருக்கிற சுமைக்கு அது தெரியாது. அது போய்க்கொண்டிருந்த பக்கமே நேராகப் போகப் பார்க்கும். எவ்வளவு உயரத்தில் கனம் இருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டியைப் பிடித்துச் சாய்க்கும். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உட்கார்ந்த சீட்டிலேயே உடம்பில் தெரிந்துகொண்டேன்.

விக்கிரவாண்டிக்கு முன்னால் ஏரிக்கரை வளைவு. மெதுவாகத்தான் போனேன். எதிரில் ஒரு கட்டை வண்டி நடு ரோட்டில் வந்தது. இடது பக்கம் ஏரிச் சரிவு, அதனால் வலது பக்கம் ஒடித்தேன். மேலே மூட்டைகள் இடது பக்கம் நகர்ந்தது முதுகில் தெரிந்தது. கயிறு அறுந்தது. என் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டது. அப்படியே ஏரிச் சரிவில் படுத்துவிட்டது வண்டி. எனக்குத் தோள் எலும்பு முறிந்தது.

மண்டிக்காரர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, சிதறிக் கிடந்த மல்லாட்டையைப் பார்த்தார். கூடி நின்றவர்களிடம், "சாராயத்தை ஊத்திக்கினு ஓட்டியிருக்கான்" என்றார். நான் சாராயத்தை நாக்கில் வைத்தவன் இல்லை. அது அவருக்கும் தெரியும். ஒலக்கூரிலிருந்து வானூர் வரைக்கும் அந்தப் பேச்சு போயிற்று. யாரும் எனக்கு ஸ்டியரிங் கொடுக்கவில்லை. விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் முறிந்து சேர்ந்த தோளிலேயே மூட்டை சுமந்தேன். ஒவ்வொரு மூட்டைக்கும் அவர் முகத்தை நினைத்துக்கொள்வேன். சுமை லேசாகிவிடும்.

அப்புறம்தான் அந்த ஓட்டை லாரியை வாங்கினது. சண்டை வந்தது, பாய்லர் கட்டினேன். அவர் வண்டிகள் பெட்ரோல் இல்லாமல் நின்றன. மறுபடி ஒரு மழை, மறுபடி ஈரச் சரக்கு. விட்டால் பூசணம் பிடித்துவிடும். என் ஷெட்டுக்கு வந்து நின்றார்.

"உங்க வண்டி ஒண்ணு அனுப்பணுமுங்க."

'டா' போய் 'ங்க' வந்திருந்தது. நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன்.

"நானே ஓட்டிக்கினு வர்றேன். ஆனா மூட்டைய உங்க இஷ்டப்படி அடுக்குங்க. நீங்க என் பக்கத்துல குந்திக்கினு வரணும்."

"நான் எதுக்குங்க?"

"காத்துல காயறதப் பாக்கத்தான்."

அவருக்கு வேறு வழியில்லை. ஈர மூட்டை மேலே ஏறியது. கரி வண்டி, நடக்கிற வேகம்தான். நல்ல உச்சி வெயிலில் அதே வளைவுக்கு வந்தோம். கொஞ்சமாக ஒடித்தேன். பாடி கிறீச்சென்றது, வண்டி அவர் பக்கம் சாய்ந்தது. அவர் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!"

நிறுத்தினேன். அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினேன்.

"மோந்து பாருங்க மொதலாளி. நான் குடிச்சிருக்கேனா?"

"எறங்குங்க. மாத்தி அடுக்கலாம்" என்றேன். மூட்டை ஏற்றக் கூட வந்த ஆட்கள் இறக்க, அவரையும் கை கொடுக்கச் சொன்னேன். ஜரிகை வேட்டியோடு ஈர மூட்டையைப் பிடித்தார். சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏன் அடியில போடறோம்னு சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"கனம் மேல இருந்தா கவுந்துடும்."

"அன்னைக்கு?"

தலையைக் குனிந்தார். "அன்னைக்கும் அதான்."

சுமையை மாற்றி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, அதே வளைவை அதே வேகத்தில் திரும்பினேன். வண்டி சொன்னபடி கேட்டது. ஈரச் சரக்கை விழுப்புரத்தில் மில் வாசலில் வெயிலில் பரப்பிக் காயவைத்துக் கொடுத்தோம்.

அவர் திண்டிவனம் திரும்பினார். மண்டி வாசலில் ஒரு பலகை மாட்டினார்: 'ஈர மூட்டை அடியில், காய்ந்தது மேலே.' கீழே அவர் பேர். மற்ற மண்டிக்காரர்கள் அவர் மூளையை மெச்சினார்கள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பிள்ளைகள் இன்றைக்கும், எங்கப்பா கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் குடித்துக் கவிழ்த்த கதையையும் கூடவே சொல்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பலகையில் இருக்கிற பேரைச் சுரண்டுங்கள். அங்கே என் பேரை எழுதுங்கள், ரோட்டில் போகிற டிரைவர் வண்டியை நிறுத்தாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில். அதற்குக் கீழே, அன்றைக்கு லாரி கவிழ்ந்தது சுமையால், டிரைவரால் இல்லை என்றும் எழுதுங்கள்.