ஷோகேஸுக்குள் போகாத பொம்மை

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, கிள்ளானில் அக்கா வீட்டு ஷோகேஸைத் துடைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவள் வாரக் கடைசியில் வந்தால், சும்மா சாப்பிட்டுப் போக விடமாட்டார்கள். ஒவ்வொரு தட்டாக இறக்கித் துடைத்தேன். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிளாஸ்கள், ஒருநாளும் காப்பியைக் கண்டிராத காப்பி செட், கழுத்து வளைந்த கண்ணாடி அன்னம், அக்கா கணவர், அதாவது மாமா, எப்போதோ பூப்பந்தில் வாங்கிய கோப்பை. மூன்றாவது தட்டின் மூலையில் ஓர் அட்டைப் பெட்டி. முன்பக்கக் கண்ணாடித்தாள் கசங்காமல் இருந்தது. உள்ளே ரோஸ் நிற பிளாஸ்டிக் சமையல் சாமான்.

அது என்னுடையது. எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அப்பாவின் தொழிற்சாலை விருந்தில், குலுக்கலில் விழுந்தது. "இப்ப குடுத்தா ஒடைச்சிருவே. பெரியவளானதும் வெளாடலாம்," என்று சொல்லி அம்மா அதை இந்த ஷோகேஸில் வைத்துப் பூட்டினார். அக்காவுக்குக் கல்யாணமானபோது ஷோகேஸும் அவளோடு போனது. உள்ளே இருந்த என் அடுப்பங்கரையும் சேர்ந்தே போனது. எனக்கு இப்போது இருபத்தாறு. குழந்தை மனோவியலில் ஒரு பட்டம் வேறு இருக்கிறது. பெரியவளாகிவிட்டேன் என்று எங்கே போய்ச் சான்றிதழ் வாங்குவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

பின்னால் அக்கா மகள் பாப்பா நின்றிருந்தாள். ஆறு வயது, பாலர் பள்ளியில் கடைசி வருடம்.

"சித்தி, அத யாரு வெளாடறா?"

"யாரும் இல்லம்மா."

"அப்புறம் ஏன் அத பொம்மைன்னு சொல்றீங்க?"

நான்கு வருடம் விரிவுரையில் உட்கார்ந்தும் எனக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியதில்லை. அந்த இடத்திலேயே, கையில் துணியோடு முடிவு செய்தேன்: இவளுக்கு ஒரு பொம்மை தேடுவேன். ஒரு வாரத்தில் சலிக்காத, இவளோடு சேர்ந்து வளர்கிற பொம்மை. அதற்கு எனக்கு இருந்தது அந்த ஒரு வருடம்தான். அடுத்த ஜனவரியில் அவள் முதலாம் ஆண்டு. மலாய் டியூஷன், மனக்கணக்கு வகுப்பு, பரதம், நீச்சல் என்று அக்கா இப்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். விளையாட்டு என்று ஒன்று அதற்குள் அந்தப் பிள்ளைக்குப் பழகவில்லை என்றால், பிறகு அது திங்கள் முதல் வெள்ளி வரை எந்தக் கட்டத்திலும் பொருந்தாது.

ஆராய்ச்சியில் இறங்கினேன். இரண்டு வாரம் கைப்பேசியில் கட்டுரைகளாகப் படித்தேன். எல்லாம் ஒரே மந்திரம்தான்: ஒரே மாதிரி மட்டும் விளையாட முடிகிற பொம்மையை வாங்காதே. பொத்தானை அழுத்தினால் பாடுகிறதா, வேண்டாம். பாடி முடித்ததும் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. பொம்மை சும்மா இருக்க வேண்டும், பிள்ளைதான் பாட வேண்டும். எனக்கு மெய்சிலிர்த்தது. பேரங்காடி ஒன்றில் பொம்மைக் கடைக்குப் போனால், அங்கே பாடாத பொருளே இல்லை. ஆறு மாதக் குழந்தைக்கான யானை ஒன்று ஆங்கிலத்தில் என் மூளை வளர்ச்சியைப் பாராட்டியது. "இது எஜுகேஷனல், அக்கா," என்றாள் விற்பனைப் பெண். எது எஜுகேஷனல் இல்லை என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கீழ்த்தட்டில் தூசி படிந்திருந்த மரக்கட்டைப் பெட்டியைக் காட்டினாள். வழவழவென்று, சாயம் பூசாத நூறு கட்டைகள். அள்ளிக்கொண்டு வந்தேன்.

பாப்பா அரை மணி நேரம் பாலம் கட்டினாள். பாலம் இடிந்தது. ஒரு கட்டை தரையில் விழுந்த சத்தத்துக்கு அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, டைல்ஸ்!" குனிந்து முதலில் தரையைப் பார்த்தாள், பிறகு கட்டையை எடுத்துத் தடவினாள். "எவ்ளோ அழகா இருக்குடி! இதப் போயி கீழ போட்டு நாசமாக்குதே."

அடுத்த வாரம் போனபோது கட்டைகள் ஷோகேஸில் இருந்தன. மூன்று அடுக்கு மேடை. மேடைமேல் அன்னம்.

சரி, என் தவறு. பிள்ளையின் மூளையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன், தாயின் கண்ணைப் பார்க்கவில்லை. நான் படித்த எந்தக் கட்டுரையும் ஷோகேஸ் உள்ள வீட்டில் எழுதப்பட்டதல்ல. இரண்டாவது முயற்சிக்குக் கையில் அளவு நாடாவோடு வந்தேன். ஷோகேஸின் அகலம், ஆழம் இரண்டையும் அளந்து, எப்படிச் சாய்த்தாலும் உள்ளே போகாத பொருளாகத் தேர்ந்தெடுத்தேன்: கேரம் பலகை.

"புரொபசர் வந்துட்டாங்க," என்று மாமா எழுந்து வந்து பலகையை வாங்கிக்கொண்டார். ஆளுக்கு ஆள் பட்டப்பெயர் வைப்பது அவருக்குப் பிடித்த வேலை. "நல்ல பலகைலா இது! பவுடர் எங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து ஊரான மேருவிலிருந்து அவருடைய தொழிற்சாலை நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். பாப்பாவுக்கும் ஆட்டத்தில் ஒரு பொறுப்பு தரப்பட்டது: சோபாவுக்கு அடியில் போகும் காய்களை எடுத்துத் தருவது.

"மாமா, அது புள்ளைக்கு வாங்குனது."

"கத்துக்கட்டும்னுதான் வெளாடிக் காட்டறோம்."

"எத்தன மாசம் காட்டுவீங்க?"

"ரெட் காய் போற வரைக்கும்," என்றார், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு விஷயத்தை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடம் அலுக்காமல் விளையாடக்கூடிய விளையாட்டு அது. விளையாடுகிறவர்களுக்கு நாற்பது வயது என்பதுதான் குறை.

ஆக, அழகான பொம்மை ஷோகேஸுக்குப் போகிறது, நல்ல விளையாட்டு மாமாவுக்குப் போகிறது. மிச்சம் இருப்பது என்ன? அசிங்கமானது. பெரியவர்கள் கையால் தொடவும் கூசுகிற, விருந்தாளி வந்தால் மறைத்து வைக்கத் தோன்றுகிற பொருள். மேருவில் ஒரு சாமான் கடைக்குப் போனேன். ஆணி, சங்கிலி, பெயிண்ட், குழாய் எல்லாம் கூரைவரை அடுக்கிய கடை. கல்லாவில் இருந்த சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, நன்றாகவே தமிழ் பேசினார்.

"என்னா தங்கச்சி, சிங்க்கா, டாய்லெட்டா?"

"பைப்பு வேணும் பாஸ். சின்னச் சின்னதா வெட்டி. எல்போ ஒரு இருவது, டீ ஒரு பத்து."

"இருவது எல்போவா? எவ்ளோ பெரிய டாய்லெட்டு?"

"டாய்லெட் இல்ல பாஸ். புள்ள வெளாட."

அவர் உள்ளே போய் வளைந்த எல்போக்களையும் முக்கிளை டீக்களையும் பொறுக்கிக்கொண்டு வந்தார். நான் கேட்காத எட்டு மூடிகளையும் மேலே வைத்தார்.

"மூடி இல்லாட்டி தண்ணி எல்லாம் போயிரும்."

"தண்ணியே கெடையாது பாஸ்."

"இப்ப இல்ல. புள்ள ஊத்தும் பாரு," என்றார்.

ஊற்றினாள். முதல் வாரமே குளியலறையிலிருந்து வரவேற்பறைக்கு நீர் விநியோகம் நடந்தது. அடுத்த மாதம் அதே குழாய்கள் பெட்ரோல் நிலையம் ஆயின. காற்றடிக்கவும் தனியாக ஒரு குழாய், அதற்கு நீண்ட வரிசை. பிறகு யானை. பிறகு பல் மருத்துவமனை, நானே நோயாளி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து சேர்ந்த பிறகு தொலைபேசி நிறுவனம் ஆனது. ஒருத்தி அறையிலிருந்து பேச, மற்றவள் கூடத்திலிருந்து "லைன் இல்ல" என்று கத்துவாள். எங்கள் ஊர்ச் சேவையை இவ்வளவு அச்சு அசலாக யாரும் விளையாடிக் காட்டியதில்லை. மாதங்கள் போயின. ஒருநாளும் அவள் "போரடிக்குது" என்று சொல்லவில்லை. ஒரு எல்போ உடையவும் இல்லை.

"கக்கூஸ் சாமான நடுவீட்ல பரப்பி வச்சிருக்கா," என்று அக்கா தினமும் திட்டினாள். எனக்கு அது தாலாட்டு மாதிரி இருந்தது. அவள் திட்டுகிற வரைக்கும் அந்தக் குழாய்களுக்கு ஆபத்தில்லை.

ஆபத்து தீபாவளிக்குப் பந்திங்கிலிருந்து காரில் வந்தது. பெரியம்மா. மகன் பொறியாளர் என்பதை, முறுக்கை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறவர். பாப்பா கூடத்தில் ஏதோ கோபுரம் மாதிரி மாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவசரமாகக் காலால் குழாய்களை சோபாவுக்கு அடியில் தள்ளப் பார்த்தாள்.

"இரு இரு, என்னா செய்றா இவ?" பெரியம்மா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு குனிந்தார். "அட, இந்த வயசுலயேவா! எம் பையன் மூளை அப்படியே இருக்குதே. எஞ்சினியரிங்தான்லா, வேற பேச்சே இல்ல."

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது குழாய்களுக்குக் குளியல் முடிந்திருந்தது. பிளீச் போட்டு, துடைத்து, பளிச்சென்று. ஷோகேஸின் நடுத்தட்டில், பெரியது பின்னால் சிறியது முன்னால் என்று வரிசையாக நின்றன. பாப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"சித்தி, நான் பெரியவளானதும் வெளாடலாமாம்."

அம்மா என்னிடம் சொன்ன அதே வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை.

சாவியை வாங்கி ஷோகேஸைத் திறந்தேன். குழாய்களைத் தொடவில்லை. மூலையில் இருந்த ரோஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அக்காவின் முன்னால் வைத்தேன்.

"இது யாரோடது?"

"ஒன்னோடது."

"நான் எப்ப தொறக்கறது?"

"ஏன்டி காலங்காத்தால... ஒனக்கு ஒரு பொண்ணு பொறந்தா தொறந்து குடேன்."

"அவளுக்கு மட்டும் குடுத்துருவோமா நாம?"

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. கோபத்தில் பெட்டியைத் திருப்பினேன். அடிப்பக்கம் மஞ்சளாகிப்போன ஒட்டுநாடா, கோணல்மாணலாக. முன்பக்கம் நான்கு சாசர் படம் போட்டிருந்தது; உள்ளே எண்ணினால் மூன்று.

"அக்கா, இத யாரோ தொறந்திருக்காங்க."

கத்தி நின்றது.

"எனக்குப் பத்து வயசு. நீயும் அம்மாவும் கிளினிக்குப் போயிருந்தீங்க," என்றாள். "சாசர் வாசல் கால்வாய்ல விழுந்துருச்சு. நீ தேடுவேன்னு எவ்ளோ நாள் பயந்தேன் தெரியுமா? நீ தேடவே இல்ல."

"பூட்டியில்ல இருந்துச்சு?"

"அந்தக் கண்ணாடிக்குச் சாவியே வேணாம். ரெண்டு கதவையும் சேத்துப் புடிச்சு மேல தூக்கி, அடிய முன்னால இழுத்தா வந்துரும்."

இருபது வருடம் ஒரு பூட்டுக்கு மரியாதை கொடுத்துவந்தவள் நான் மட்டும்தான் என்று அப்போது தெரிந்தது. அக்கா மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் என்றே வைத்துக்கொள்வோம்.

"குழாய எடுத்துக் குடுத்துரு அக்கா."

"பெரியம்மா கேட்டா என்னா சொல்றது? ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க," என்றாள். நறுக்கியதைச் சட்டியில் தள்ளினாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "வர்ற சனிக்கிழம நானும் மாமாவும் பந்திங் கல்யாணத்துக்குப் போறோம். சாயங்காலம்தான் வருவோம். பாப்பா ஒங்கிட்ட இருக்கட்டும். நான் எதையும் பாக்கல, எனக்கு எதுவும் தெரியாது."

ஜனவரிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பொம்மையை மாற்றி மாற்றி வாங்கியது போதும், அடுத்து கைவைக்கப்போவது ஷோகேஸில். கதவுகள் இரண்டையும் கழற்றி, கேரம் பலகைக்குப் பின்னால் சாய்த்துவிடுவோம். கீழ் இரண்டு தட்டும் பாப்பாவுக்கு. அங்கே அவளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், திட்டம் வரைந்தாகிவிட்டது. என் அடுப்பும் சட்டியும் இரண்டாம் மாடிக்கு. அன்னத்தை ரோஸ் பெட்டிக்குள் வைத்து நன்றாக ஒட்டி மேலே ஏற்றிவிடலாம், உடையாமல் இருக்கும். மாடிக்கு மாடி தண்ணீர் போக வேண்டுமாம். அதற்கு இன்னும் ஆறு எல்போவும் நாலு மூடியும் குறைகிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மேரு தவுக்கேயிடம் போக வேண்டும்.